இடது பக்கத்து போல்ட்

டிப்போவில் முந்நூறு பேருக்கு மேல் வேலை பார்த்தோம். அத்தனை பேருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் எனக்கு மட்டும்தான் அண்ணி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டவள். நான் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு "அண்ணி, மிதிங்க!" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு முதலில் பக்கத்து ரிப்பேர்க் குழியில் வேலை பார்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு டிரைவர்கள், பிறகு கேன்டீன். ரிட்டயராக ஆறு மாதமே இருந்த வாட்ச்மேன்கூட "அண்ணி, குடையை மறந்துட்டுப் போறீங்க" என்பார். அவருக்கு அண்ணியைவிட முப்பது வயது அதிகம்.

பெண்களையும் மெக்கானிக் வேலைக்கு எடுக்கலாம் என்று முதன்முதலில் ஆள் எடுத்தபோது நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அண்ணன் தையல்காரன். "வீட்ல ரெண்டு மெக்கானிக் இருந்தும் என் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட ஆள் இல்லை" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

எங்களை பிரேக் செக்‌ஷனில் போட்டது ஃபோர்மேன். எந்த வண்டிக்குள் ஏறினாலும் காற்று மீட்டரை விரலால் இரண்டு தட்டுத் தட்டாமல் இறங்க மாட்டார் என்பதால் அவருக்கு மீட்டர் என்றே பெயர். பிரேக் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் அடியில் போய்ப் பார்க்க வேண்டும். பொம்பளைங்க மேலே உட்கார்ந்து மிதிக்கட்டும், அடியில் போக வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்பது மீட்டரின் கணக்கு. மூன்றாம் நாள் காலையில் அண்ணி சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, காலால் தரையை ஓர் உந்து உந்தி, பஸ்ஸுக்கு அடியில் சர்ரென்று போய்விட்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"மீட்டர் சார், டார்ச்சு குடுங்க. இருட்டா இருக்கு."

அவர் டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் வேறு ஆள் போடுகிற பேச்சே எழவில்லை.

அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்த ஐந்து நிமிடம்தான். காலையில் நிற்கிற வண்டியில் டேங்கின் காற்றெல்லாம் இறங்கிப் போயிருக்கும். எஞ்சினைப் போட்டுவிட்டு, காற்று மீட்டரின் முள் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை ஏறும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் வீட்டுக் கதையெல்லாம் ஓடும். அம்மாவின் முட்டிவலி, யார் எந்தச் சட்டையைச் சுருங்க வைத்தது, அண்ணன் எந்த வாடிக்கையாளரின் கால்சட்டையை ஒரு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டு முழி பிதுங்கி நின்றான், எல்லாம். டிரைவர் சீட்டில் ஒருத்தி, படிக்கட்டில் ஒருத்தி, எஞ்சின் உறுமலுக்கு மேலே கத்திக் கத்திப் பேசுவோம். முள் எட்டைத் தொட்டதும் வால்வு 'புஸ்ஸ்' என்று மிச்சக் காற்றை வெளியே தள்ளும். பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும் அந்த இடத்தில் அறுந்துபோகும். வேலை ஆரம்பம்.

அப்புறம் சோப்புத் தண்ணீரில் பிரஷை நனைத்துக் குழாய் இணைப்புகளில் தடவுவோம். எங்கே நுரை கொப்பளிக்கிறதோ அங்கே கசிவு. அண்ணிக்குப் பாதி நேரம் நுரையும் தேவைப்படாது, காதே போதும். "பின்னாடி வலது பக்கம் பூனைக்குட்டி கத்துது" என்பாள். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

ஒரு சாயங்காலம் அண்ணன் கேட்டான், "காத்துலயா அவ்வளவு பெரிய வண்டி நிக்குது? காத்து போயிட்டா வண்டி ஓடிராதா?"

அண்ணி கொடியிலிருந்து துணி மாட்டுகிற கிளிப் ஒன்றை எடுத்தாள். அதன் வாலை இரண்டு விரலால் அழுத்தி வாயைத் திறந்து காட்டினாள்.

"இந்தக் கிளிப்புதான் ஹேண்ட் பிரேக். உள்ள ஸ்பிரிங் இருக்கு. என் விரல்தான் காத்து. காத்து இருக்கிற வரைக்கும் வாய் திறந்திருக்கும், சக்கரம் சுத்தும். காத்து போச்சுன்னா..." விரலை எடுத்தாள். கிளிப் அண்ணனின் சட்டைக் காலரைக் கவ்வியது. "கடிச்சுக்கும். ஓடாது, நின்னுரும்."

"நடுரோட்ல நின்னா எப்படி இழுத்துட்டுப் போவீங்க?"

"அதுக்கு நீளமா ஒரு போல்ட் இருக்கு. அதை உள்ள விட்டு முறுக்கினா ஸ்பிரிங்கைப் பின்னாடி இழுத்து வச்சுக்கும். இந்தக் கிளிப் வாயில தீக்குச்சியைச் செருகின மாதிரி. கடிக்க முடியாது. வேலை முடிஞ்சதும் கழட்டிரணும். கழட்டலைன்னா ஹேண்ட் பிரேக் போட்டாலும் பிடிக்காது."

பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி ஸ்பிரிங், தனித்தனி போல்ட். இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அண்ணியுடையது. கழற்றி முடித்ததும் நான் "இடது எடுத்தாச்சு!" என்பேன். அவள் "வலது எடுத்தாச்சு!" என்பாள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வாய் ஓயாத இரண்டு பேருக்கு அது பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது.

நாங்கள் சேர்ந்த ஐந்தாம் வருடம் அண்ணனுக்கு வேலை கூடியது. இரண்டாவது தையல் மெஷின் வாங்கினான். முன் அறையில் அதற்கு இடமில்லை. ஒரு விடுமுறை நாள், நான் வெளியே போயிருந்தபோது, அண்ணி ஜன்னலோரம் கிடந்த அப்பாவின் பிரம்பு நாற்காலியைத் தூக்கிப் பின்பக்கம் வைத்திருக்கிறாள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் வீட்டுக்கு வந்தபோது நாற்காலி மழையில் நனைந்துகொண்டிருந்தது. பிரம்பு ஊறி உப்பியிருந்தது. அப்பா இறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கடைசி நாட்களில் அவர் அதில்தான் தூங்குவார்.

"யாரைக் கேட்டு வெளிய போட்டீங்க?"

"கொஞ்ச நேரம்தான்னு வச்சேன். மழை வரும்னு தெரியலை. துடைச்சு உள்ள எடுத்து..."

"இது உங்க வீடா, உங்க இஷ்டத்துக்குத் தூக்கிப் போட?"

அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். ஈரத் துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தாள், கூடத்தில் கொண்டு வந்து வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம், வேறு வேறு சீட்டில். எப்போதும் ஒன்றாகத் திறக்கிற சாப்பாட்டு டப்பாவைத் தனித்தனியாகத் திறந்தோம். மீட்டர் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, இன்னைக்கு ரேடியோ ஓடலை?" என்றார். இருவரும் சிரிக்கவில்லை. அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலையில் மேட்டுப் பாதையில் ஓடுகிற பஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வழியில் காற்றுக் குழாய் வெடித்து ஹேண்ட் பிரேக் கவ்விக்கொண்டதாம். இழுப்பதற்காக இரண்டு பின் சக்கரத்திலும் போல்ட் முறுக்கியிருந்தார்கள். நாங்கள் குழாயை மாற்றினோம். எஞ்சினைப் போட்டோம். முள் ஏறும்வரை அந்த ஐந்து நிமிடமும் அவள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கால் பிரேக்கை 'மிதிங்க' என்று கத்தாமல் ஸ்பேனரால் தட்டித் தட்டியே சோதித்தோம், நன்றாக இருந்தது. கசிவு இல்லை. மிச்சம் போல்ட் கழற்றுவதுதான். நான் ஸ்பேனரோடு இடது பக்கம் குனிந்தபோது மீட்டர் கூப்பிட்டார், அடுத்த வரிசையில் ஒரு வண்டிக்கு வால்வு பார்க்க. நான் எழுந்து போனேன். அண்ணி இருக்கிறாளே, இரண்டையும் எடுத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி வலது பக்கத்தை முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறாள். என்னையும் காணோம், என் ஸ்பேனரையும் காணோம். இடது பக்கம் முடிந்துவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் கத்திக் கேட்டிருப்பாள்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் லேசாக கிளட்சை விட்டுப் பார்த்தாள். சமதரை, காலி வண்டி. வலது சக்கரம் ஒன்றே பிடித்துக்கொண்டது, வண்டி முனகியதே தவிர நகரவில்லை. வண்டியின் வேலை அட்டையில் கையெழுத்துப் போட்டாள். நான் திரும்பி வந்து அவள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. மீட்டர் போனை வைத்துவிட்டு நேராக எங்களிடம்தான் வந்தார். "டூல் பெட்டியை எடுங்க" என்றார்.

அந்த வண்டியின் டிரைவரை எல்லோரும் பொறுமை என்போம். சைக்கிள்காரன்கூட அவரை முந்திக்கொண்டு போவான், அவ்வளவு நிதானம். ஒரு மேட்டு நிறுத்தத்தில், வண்டி நிறைய ஆளோடு, ஹேண்ட் பிரேக்கை முறைப்படி இழுத்துவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரின் இரும்புப் பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கிக் கொடுக்க இறங்கியிருக்கிறார். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. கீழே நின்றிருந்த கண்டக்டர்தான் கூடவே ஓடி, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, கால் பிரேக்கை மிதித்திருக்கிறார். டேங்கில் காற்று நிறைய இருந்தது. வண்டி நின்றது. அதற்குள் பின்பக்கம் ஒரு பூட்டிய கடையின் மதிலில் மோதிவிட்டது. வண்டிக்குள் யாருக்கும் பெரிய அடி இல்லை. கண்டக்டரின் வலது கணுக்கால் கதவுக்கும் படிக்கும் இடையில் மாட்டி முறிந்துவிட்டது.

நாங்கள் போனபோது கண்டக்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சக்கரங்களுக்கு முட்டாகக் கல் வைத்திருந்தார்கள். பயணிகள் மரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. பொறுமை மதில் மேல் உட்கார்ந்து, "நான் போட்டேன், நான் இழுத்துப் போட்டேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இடது பக்கமாக ஊர்ந்து போனேன். அண்ணி வலது பக்கமாக. தலையைத் தூக்கிப் பார்த்தேன். போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு விரல் நீளத்துக்கு. கையை வைத்துப் பார்த்தேன். என்னவோ, கண்ணால் பார்த்தது போதாத மாதிரி.

"இடது எடுக்கலை," என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "வலது எடுத்திருக்கு."

மூன்று நாளில் நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மேனேஜர் எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து எழுதித் தரச் சொன்னார். இடது பக்கம் என் பொறுப்பு, பாதியில் விட்டுப் போனேன், தப்பு என்னுடையது என்று எழுதினேன். பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு தாளையும் மாறி மாறிப் படித்தார்.

"கடைசியா செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நான், தப்பு என்னோடதுன்னு இவங்க எழுதியிருக்காங்க. நீங்களும் என்னோடதுங்கறீங்க. ஒரு போல்ட்டை ரெண்டு பேர் எப்படிம்மா மறப்பீங்க?"

இரண்டு தாளையும் மேஜையில் வைத்தார்.

"ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கலையா?"

"நாங்க பேசிக்கலை சார்," என்றாள் அண்ணி.

"ஏன்?"

நான் சொன்னேன், "ஒரு நாற்காலி சார்."

கதவோரம் நின்றிருந்த மீட்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, இருமி அடக்கினார். மேனேஜர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தக் கண்டக்டர் ஏறலைன்னா இப்ப நாம என்ன பேசிட்டு இருப்போம்?" என்று மட்டும் கேட்டார். இருவருக்கும் இருபது நாள் சஸ்பென்ஷன்.

நடந்தே வீட்டுக்குப் போனோம். வேலை நாளில் மத்தியான வெயிலில் எங்கள் தெருவை நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இல்லாத தெரு, வேறு யாருடைய தெருவோ போல இருந்தது. தெரு முனையில் நின்றேன்.

"அண்ணி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவளும் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ பேசினது வலிச்சுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு இப்ப அது பெருசா தெரியலை. கோவம் உன் மேல. உன் சக்கரத்து மேல எனக்கென்ன கோவம்? ஒரு எட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். நீ தொட்ட எடத்தைப் பார்க்கவே பிடிக்கலை, அதான் பார்க்கலை." தெருவில் நின்று இருவரும் அழுதோம். கொஞ்ச நேரத்தில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், உள்ளே போய்விட்டோம்.

கண்டக்டரைப் பார்க்கப் போனோம். முதல் தடவை அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, யார் என்று கேட்டு, திரும்பச் சாத்திவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை உள்ளேயிருந்து அவரே "விடும்மா, வரட்டும்" என்று குரல் கொடுத்தார்.

மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டிமேல் வைத்துக்கொண்டு தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"நான் வண்டி ஓட்டினவன் இல்லை. பெடல்ல கால் வச்சேன், அவ்வளவு பெரிய வண்டி சொன்ன பேச்சு கேட்ட மாதிரி நின்னுச்சு. அந்தக் கால் பிரேக்கும் நீங்கதான பார்த்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப பாதி திட்டு, பாதி நன்றி. சரியாப் போச்சு."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு," என்றாள் அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு. "எனக்குச் சரியாப் போகலை." அவள் கடைசிவரை எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது.

அவருக்குக் கையூன்றி எழுந்திருக்க அந்த வீட்டில் ஒரு நாற்காலி இல்லை என்பதை வரும் வழியில் அண்ணிதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நான்தான் முடித்தேன், "அப்பாவோடதைக் கொடுத்துரலாம்." அடுத்த நான்கு நாள் இருவரும் உட்கார்ந்து ஊறிப்போன பிரம்பைப் பிரித்துப் புதுசாகப் பின்னினோம். ஏர் பிரேக் வால்வைப் பிரித்துப் பூட்டுகிற கைகளுக்குப் பிரம்பு பின்ன வரவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா இன்னொரு காலும் போயிரும்" என்று பிடுங்கிக்கொண்டு அவனே பின்னிக் கொடுத்தான். நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போனோம். கண்டக்டர் மனைவி அதை வாங்கி உள்ளே வைத்தாள். திருப்பித் தரவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா மட்டும் ஒரு வாரம் ஜன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே அங்கே புது மெஷினைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.

மூன்று மாதத்தில் கண்டக்டர் வேலைக்குத் திரும்பினார், லேசாக விந்தி விந்தி. நாங்கள் அதற்கு முன்பே திரும்பிவிட்டோம். போன முதல் நாள் அண்ணி மீட்டரிடம் ஒரு யோசனை சொன்னாள். இழுத்து வந்த வண்டி எதுவானாலும், கழற்றிய இரண்டு போல்ட்டையும் அவர் மேஜையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். இரண்டும் மேஜைக்கு வந்தால்தான் அட்டையில் கையெழுத்து. வண்டி வெளியே போகிறபோது அதன் போல்ட் அவசரத்துக்காக அதன் டூல் பெட்டிக்கே திரும்பப் போகும். மீட்டர் தன் கண்ணாடி டம்ளரை ஓரமாக நகர்த்தி இடம் ஒதுக்கினார். நான் இருந்தவரை அந்த வழக்கம் மாறவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். சண்டை வராமல் இல்லை. உப்பு, குடை, சோப்பு என்று எதற்கெல்லாமோ வந்தது. ஆனால் டிப்போ வாசலைத் தாண்டியதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாவது, "இடது எடுத்தாச்சு!" "வலது எடுத்தாச்சு!" என்று சொல்லிவிடுவோம். கோபத்தில் சொல்லும்போது ஒருவருக்கொருவர் வைதுகொள்கிற மாதிரியே இருக்கும். பக்கத்துக் குழிக்காரர்கள் அதை வைத்தே வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

பிறகு எனக்கு ஊரின் மறுகோடியில் இருந்த டிப்போவுக்கு மாற்றல் வந்தது. என் புது ஜோடி நல்ல வேலைக்காரர், வாய் திறக்க மாட்டார். நான் "மிதிங்க!" என்றால் மிதிப்பார், "விடுங்க!" என்றால் விடுவார். முள் ஏறுகிற ஐந்து நிமிடத்தில் பேப்பர் படிப்பார். முதல் வாரம் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அம்மா முந்தினநாள் சொன்ன ஒரு விஷயத்தை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினேன். அவர் மரியாதையாகப் பேப்பரை மடித்து, "சொல்லுங்கம்மா" என்றார். "ஒண்ணுமில்லை சார்" என்றேன். எட்டைத் தொட இன்னும் மூன்று இருந்தது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் போய்விட்டாள், அண்ணனும் போய் நாலு வருடம் ஆகிறது. அண்ணியும் நானும் ரிட்டயராகி அந்த வீட்டிலேயே இருக்கிறோம். அண்ணிக்கு வலது காது மந்தமாகிவிட்டது, எத்தனை வருடம் அந்தக் காற்றைக் காதுக்குப் பக்கத்தில் வாங்கினாள். போன மாதம் கண் டாக்டரிடம் போக இருவரும் பஸ் ஏறினோம். புது வண்டி. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதாம், மீட்டர் முள்கூட இல்லை, வெறும் எண். அண்ணி டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தை நீட்டி அந்த எண்ணைப் பார்த்தாள்.

"காத்து சீக்கிரம் இறங்குதுல்ல?" என்று என்னிடம் கேட்டாள். காது மந்தமானவளுக்கு அது ரகசியக் குரல், பஸ் முழுக்கக் கேட்டது.

"இல்லை அண்ணி. அடிக்கடி நிறுத்துறாங்க, அதான்."

"எங்கயோ கசியுது. எனக்குக் கேக்குது."

"உங்களுக்கு நான் கூப்பிட்டாலே கேக்க மாட்டேங்குது!"

டிரைவர், இளவயதுப் பெண், கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். "காலையில நானும் சொன்னேன்மா, டிப்போல பார்க்கலாம்னாங்க" என்றாள். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் எழுந்தேன். அவள் எழவில்லை. "கண்ணு எங்கயும் போயிடாது, உக்காரு" என்று என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் முன்னால் குனிந்து, பின்பக்கக் குழாய் எந்த இடத்தில் உரசும் என்று சொல்ல ஆரம்பித்தாள். கடைசி நிறுத்தம் வரை போனோம்.